ஜன்னலுக்குக் கீழே நாலு பெஞ்சு

ஸ்கேல் அக்கா எங்கே போனாலும் அவள் கண்ணில் முதலில் படுவது அளவுதான். ஒரு கல்யாணத்துக்குப் போனால், பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்ப்பதற்கு முன்பே மண்டபத்துப் படிக்கட்டில் ஒரு படி மட்டும் மற்றதைவிட உயரம் என்று கண்டுபிடித்துவிடுவாள். கைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, அளவு நாடா இருக்கும். மாநகராட்சியில் சாலைப் பிரிவில் படம் வரைகிற வேலை. ஸ்கேல் அக்கா என்ற பெயரை முதலில் வைத்த வாய் எது என்று யாருக்கும் தெரியாது. அவளைவிட எவ்வளவோ மூத்தவரான மருந்துக்கடைக்காரர்கூட, "என்ன ஸ்கேல் அக்கா, இன்னிக்கு எந்த ரோட்ட அளந்தீங்க?" என்றுதான் கேட்பார்.

கணவர் பம்புசெட் கடையில் விற்பனையைப் பார்த்துக்கொள்கிறவர். கெட்டவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் வீட்டில் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்குவது கிணற்றில் தூர் வாருகிற வேலை. "சாப்பாடு எப்படி?" என்றால் "ம்". "நாளைக்கு என் தங்கச்சி வர்றா" என்றால் அதற்கும் "ம்". கடையில் வாடிக்கையாளர்களோடு நாளெல்லாம் பேசிப் பேசி அலுத்து வருகிறவர், போகட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

அவர்கள் இருந்த தெரு, பேருக்குத்தான் தெரு. இரண்டு பக்கமும் கார்கள் ஒட்டி ஒட்டி நிற்கும். நடுவில் மிச்சமிருக்கிற இடுக்கில் ஸ்கூட்டர்கள் ஒலியெழுப்பிக்கொண்டு போகும். ஆள் நிற்க இடம் கிடையாது. கேட்டைத் திறந்து, வண்டியை எடுத்து, கேட்டைப் பூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். எதிர் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் காரின் நிறத்தைச் சொல்வார்கள்.

அப்படிப்பட்ட தெருவில்தான் மூலைவீட்டுப் பெரியவர் செத்துப்போனார். தனியாக இருந்தவர். போய் எத்தனை நாள் ஆயிற்றோ, தெருவில் நாற்றம் எழுந்தது. அக்கம்பக்கத்தார் என்ன செய்தார்கள் தெரியுமா? சாக்கடை அடைத்துக்கொண்டது என்று மாநகராட்சிக்குப் புகார் செய்தார்கள். ஒருவர் இல்லை, வரிசையாக நாலைந்து பேர். சாக்கடையைக் குத்த வந்த தொழிலாளிதான், "இது சாக்கடை வாடை இல்லீங்க" என்று கதவைத் தட்டச் சொன்னார். புகார் செய்தவர்களில் ஸ்கேல் அக்காவின் கணவரும் ஒருவர். கதவை உடைத்தபோது எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு எதிர்ப் பக்கம் நின்று பார்த்தார்கள். மாடிவீட்டம்மா வீட்டுக்குள் ஓடிப்போய் ஊதுவத்தி கொளுத்தி வைத்துக்கொண்டாள்.

அந்த நாற்றம் ஸ்கேல் அக்காவின் மூக்கைவிட்டுப் போகவில்லை. இரண்டு வீடு தள்ளி ஒரு மனிதர் கிடந்து அழுகியிருக்கிறார், நாம் ஜன்னலைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டிருக்கிறோம் என்கிற எண்ணம் வரும்போதெல்லாம் அவள் எழுந்து போய் ஜன்னலைத் திறந்து வைத்தாள். அப்போதுதான் அலுவலகத்தில் ஒரு புதுத் திட்டம் வந்தது. தெருவை வண்டிகளிடமிருந்து கொஞ்சம் பிடுங்கி மனிதர்களுக்குத் தருகிற திட்டம். முதலில் ஒரு தெருவில் செய்து பார்க்கலாம் என்றார் செயற்பொறியாளர். அவள் யோசிக்கவே இல்லை. "எங்க தெருவையே எடுத்துக்கலாம் சார்" என்றாள்.

அவள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எந்தப் படத்தையும் அப்படி ஆசையாக வரைந்ததில்லை. நடைபாதைத் திட்டை எடுத்துவிட்டுத் தெரு முழுவதையும் ஒரே மட்டமாக்கினாள். வண்டி போகிற வழியை நேராக விடாமல் வளைத்து வளைத்துக் கொண்டுபோனாள். வேகமாகப் போக நினைத்தாலும் முடியாது. கார்கள் தெருக்கோடிக் காலிமனைக்குப் போயின. தெருவின் வயிற்றுப் பகுதியில், இருந்த ஒரே பெரிய மரத்தடியில், நாலு கல் பெஞ்சுகளைச் சதுரமாக, ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி போட்டாள். நடுவில் விட்ட இடைவெளியைப் பலமுறை அழித்து அழித்து வரைந்தாள். எதிரெதிரே உட்காருகிறவர்களின் முழங்கால் இடிக்கக் கூடாது. ஆனால் மெதுவாகப் பேசினாலும் கேட்க வேண்டும். அலுவலகத்து நாற்காலிகளைப் போட்டு, கூட வேலை செய்கிறவர்களை உட்காரவைத்துப் பேசச் சொல்லிப் பார்த்தாள்.

தெருக்காரர்களைக் கூட்டிப் படத்தைக் காட்டியபோது எல்லோருக்கும் வாயெல்லாம் பல். அருமை, பிரமாதம், இதுதான் நாகரிகம். பெஞ்சு யார் வீட்டு முன்னால் வரும் என்ற பேச்சு எழுந்ததும் பல்லெல்லாம் உள்ளே போய்விட்டது.

"போடுங்க, தாராளமா போடுங்க. எங்க கேட்டுக்கு முன்னாடி மட்டும் வேண்டாம்" என்றாள் மாடிவீட்டம்மா. "கண்டவன் வந்து உக்காருவான்."

"கண்டவன் யாரும்மா? நம்ம தெருக்காரங்கதானே உக்காரப் போறோம்?"

"அதான் சொல்றேன்" என்றாள் அவள்.

மருந்துக்கடைக்காரருக்குத் தன் வீட்டுச் சுவரில் யாரும் சாயக் கூடாது. இன்னொருவருக்குச் சத்தம் ஆகாது. கடைசியில் பெஞ்சுகளை மரத்துக்கு மறுபக்கம் தள்ளிப் போட்டாள். அது அவளுடைய வீட்டுக்கே முன்னால், முன்னறை ஜன்னலுக்கு நேர் கீழே வந்து நின்றது. "நம்ம வீட்டு முன்னாடி வந்தா என்ன, நல்லதுதானே" என்று கணவரிடம் சொன்னாள். அவர் "ம்" என்றார்.

தெரு தயாராகி ஒரு பருவம் போகட்டும், யாரும் வரமாட்டார்கள் என்று அலுவலகத்தில் சிலர் பேசிக்கொண்டார்கள். அவர்கள் வாயில் மண். மருந்துக்கடைக்காரர் வந்து உட்கார்ந்தார். மாடிவீட்டம்மா முதலில் துணி விரித்து உட்கார்ந்தாள், பிறகு துணியை மறந்தாள். மாடிவீட்டில் பின்கட்டு மாடி அறையில் வாடகைக்கு இருந்த நர்ஸ், வேலைக்குக் கிளம்பும் முன் பையோடு ஓரமாக வந்து உட்காருவாள். சாயங்காலம் ஆனால் மரத்தடி கலகலவென்று இருந்தது. இதையெல்லாம்விட அதிசயம், ஸ்கேல் அக்காவின் கணவர் கடையிலிருந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் நேரே பெஞ்சுக்குப் போக ஆரம்பித்தார். அவள் அலுவலகம் விட்டு வரும்போது அவர் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருப்பார், மற்றவர்கள் சிரித்துக்கொண்டிருப்பார்கள். தன் புருஷனுக்கு வியாபாரத்துக்கு வெளியேயும் பேச்சு வரும் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. கை கழுவும்போது கண்ணாடியில் தன்னைப் பார்த்து ஒருமுறை சிரித்துக்கொண்டாள்.

அவளுக்கு அங்கே உட்கார நேரம் இருந்ததில்லை. போகிற போக்கில் "என்ன அக்கா" என்பார்கள், "நல்லா இருக்கேன்" என்று போய்விடுவாள். கல்லின்மேல் எப்போதும் வேர்க்கடலைத் தோல் கிடக்கும். சுவரோரம், அவள் ஆசையாகத் தேர்ந்தெடுத்துப் பதித்த சொரசொரப்புக் கல்லில், காறித் துப்பிய கறை காய்ந்து பளபளக்கும். அதைப் பார்க்கும்போது முகம் சுளிக்கும். மனிதர்கள் புழங்கினால் அப்படித்தான் இருக்கும், சுத்தமாக இருக்க வேண்டுமென்றால் சுடுகாட்டில்தான் பெஞ்சு போட வேண்டும் என்று தன்னைத்தானே தேற்றிக்கொள்வாள்.

மழைக்காலத்தில் அலுவலகப் படியில் வழுக்கிக் கணுக்கால் பிசகியது. எழுந்து நடக்கக் கூடாது என்றுவிட்டார் மருத்துவர். முன்னறையிலேயே கட்டிலைப் போட்டுக்கொண்டு, காலைத் தலையணைமேல் தூக்கி வைத்து, ஜன்னலோரம் படுத்திருந்தாள். நாலு பெஞ்சுக்கும் பின்னால் இருந்தது அவர்கள் வீட்டு மதில்சுவர். கீழே பேசுகிற பேச்சு சுவரில் பட்டு மேலே எழும்பி, கிசுகிசுப்பு உட்பட, சொல் சொல்லாக ஜன்னலுக்குள் வந்தது. இதை மட்டும் அவள் கணக்கில் எடுக்கவில்லை.

முதல் சாயங்காலம் சுவாரசியமாகத்தான் கேட்டாள். மழை, கரண்ட், விலைவாசி. பிறகு மாடிவீட்டம்மாவின் குரல் தாழ்ந்தது.

"காலைல யார் வண்டில வந்து இறங்கினா பாத்தீங்களா?"

"யாரு, உங்க நர்ஸா? ஆஸ்பத்திரி வேன்லதானே வரும்?" இது மருந்துக்கடைக்காரர்.

"வேனெல்லாம் போன மாசத்தோட சரி. இப்ப கார். கண்ணாடி ஏத்தின கார்."

"நைட் டியூட்டின்னு சொல்லிட்டா யாரு கேள்வி கேக்கப் போறா."

"நான் ஒண்ணும் சொல்லலப்பா. எனக்கு எதுக்கு ஊர் வம்பு."

"என் கடைல அது என்ன வாங்குதுன்னு நான் சொல்லக் கூடாது" என்றார் மருந்துக்கடைக்காரர். "தொழில்னு ஒண்ணு இருக்கில்ல." கடலையை உடைக்கிற சத்தம் கேட்டது. தோலை ஊதினார். "தலைவலி மாத்திரை மட்டும் இல்ல. அவ்வளவுதான் சொல்வேன்."

கீழே ஒரு சிரிப்பு கிளம்பியது. உரக்க இல்லை. தொண்டைக்குள்ளேயே வைத்துக் குலுக்குகிற சிரிப்பு. ஒரு பெண்ணை நாலு பேர் வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தார்கள். எச்சில் ஊறுகிற சத்தம்கூடக் கேட்பதுபோல் இருந்தது அவளுக்கு. ஜன்னலைச் சாத்தலாம் என்று கையை நீட்டினாள். எட்டவில்லை.

மறுநாளும் அதே பேச்சு, அதற்கு மறுநாளும். காருக்குள் ஒரு தலை தெரிந்ததாம், அது ஒரு ஆணின் தலையாம், அதற்கு வழுக்கையாம். ஒவ்வொரு நாளும் அந்தத் தலைக்கு ஏதாவது ஒன்று முளைத்தது. யாராவது புதிதாக வந்து உட்கார்ந்தால் கதை தொடக்கத்திலிருந்து மீண்டும் சொல்லப்பட்டது. நர்ஸே வந்து உட்கார்ந்தால் மட்டும் மழை, கரண்ட், விலைவாசி.

ஒரு நாள் பேச்சு மருந்து மாத்திரையைச் சுற்றிக்கொண்டிருந்தபோது கணவரின் குரல் கேட்டது.

"மாத்திரைக்கு எங்க வீட்லயும் குறைச்சல் இல்ல. இவ சாப்பிடாத மாத்திரையா?"

"எதுக்குங்க?" என்றாள் மாடிவீட்டம்மா. கேட்ட விதத்திலேயே மூக்கு வியர்த்திருந்தது தெரிந்தது.

அவர் சொன்னார். ஏதோ கடைக்கு வந்த பம்பு எப்படிப் பழுதாயிற்று என்று சொல்வதுபோல நிதானமாக, சுவை குறையாமல் சொன்னார். எந்த மருத்துவமனை, என்னென்ன சோதனை. இரண்டு தடவை கரு தங்கியது. இரண்டு தடவையும் நிற்கவில்லை. "ரெண்டாவது தடவை பாத்ரூம்லயே போயிடுச்சு. ஆஸ்பத்திரிக்குக்கூட போக முடியல. நான்தான் தண்ணி ஊத்திக் கழுவினேன்."

கீழே எல்லோரும் "த்சொ, த்சொ" என்றார்கள்.

ஸ்கேல் அக்கா அதைத் தன்னைப் பெற்றவளிடம்கூடச் சொன்னதில்லை. அந்தக் குளியலறைக்குள் அவளும் அவரும் மட்டுமே இருந்தார்கள். அதற்குப் பிறகு அவர்களும் அதைப் பற்றித் தங்களுக்குள் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அவர் மனதில் அது எங்கோ ஆழத்தில் கிடந்து வலிக்கிறது, அதனால்தான் பேசாமல் இருக்கிறார் என்று இத்தனை வருடம் நம்பியிருந்தாள்.

"அதான் அந்தப் பொண்ணு எப்பப் பாரு டேப்ப வெச்சுக்கிட்டு தெருத்தெருவா அலையுது" என்றாள் மாடிவீட்டம்மா. "வீட்ல அளக்க ஒண்ணும் இல்ல, பாவம்."

சிரித்தார்கள். அவர்களோடு சேர்ந்து அவரும் சிரித்தார். வீட்டுக்குள் அவள் கேட்டே அறியாத, நல்ல திறந்த சிரிப்பு.

அவள் கட்டிலைவிட்டு இறங்கினாள். நொண்டி நொண்டிக் குளியலறைக்குப் போனாள். கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தவள், அங்கே வாந்தி எடுக்க மனம் வராமல், சமையலறைத் தொட்டிக்குப் போய் எடுத்தாள். வாயைக் கழுவிய பிறகும் கசப்பு போகவில்லை. அவர்கள்மேல் வந்த அருவருப்பா, அவர்மேலா, அந்த நாலு பெஞ்சையும் தன் கையாலேயே வரைந்த தன்மேலா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

அவர் உள்ளே வந்தபோது அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"நான் கேட்டேன்" என்றாள்.

"என்னத்த?"

"நீங்க சொன்னதெல்லாம்."

அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றத் தொடங்கினார். மறுக்கவில்லை. "ஓஹோ" என்றார். பிறகு, "எல்லாரும் அவங்கவங்க வீட்டு விஷயத்தச் சொல்றாங்க. மருந்துக்கடைக்காரர் அவரு மருமகளப் பத்திச் சொல்றாரு. அந்தம்மா தம்பி குடிக்கறத சொல்றாங்க. நான் மட்டும் வாய மூடிக்கிட்டு உக்காந்திருக்க முடியுமா? ஏதாவது சொன்னாத்தானே மதிக்கறாங்க."

"சொல்ல உங்களுக்கு வேற எதுவும் கிடைக்கலையா?"

"வேற என்ன இருக்கு நம்ம வீட்ல?"

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். வேர்க்கடலைத் தோல் ஒன்று பையிலிருந்து தரையில் விழுந்தது.

"அதுவும் போக, ஜனங்க பேசணும்னு நீதானே கட்டின" என்றார். "இப்ப பேசினா தப்புங்கற."

அன்றிலிருந்து அவள் படுக்கையைப் பின்னறைக்கு மாற்றிக்கொண்டாள். பழைய பெட்டிகள் அடுக்கி வைத்திருந்த, வெளிச்சம் வராத அறை. அவர் ஏன் என்று கேட்கவில்லை.

கால் சரியாகி அவள் வேலைக்குப் போகத் தொடங்கிய வாரத்தில் நர்ஸை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். மாடிவீட்டம்மா நேரடியாக எதையும் சொல்லவில்லை. தம்பி குடும்பத்தோடு வருகிறான், அறை வேண்டும் என்றாள். வண்டி வந்து நின்றது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் உட்கார்ந்தபடியே பார்த்தார்கள். ஒருவர் கால்களை உள்ளே இழுத்து வண்டிக்கு வழிவிட்டார், அந்த உதவிதான் உதவி. ஸ்கேல் அக்கா போய் அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள்.

மாடிப்படியில் இறங்கும்போது நர்ஸே பேச்சை எடுத்தாள். "ஆஸ்பத்திரி வேனை நிறுத்திட்டாங்க அக்கா. நாங்க நாலு நர்ஸ் சேந்து வாடகை கார் பேசிக்கிட்டோம். என்னைத்தான் கடைசியா இறக்கி விடுவாரு டிரைவர். யாராவது ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"கேட்டா கதை முடிஞ்சு போயிடுமே" என்றாள் ஸ்கேல் அக்கா. "அதான் கேக்கல. எனக்கு இவங்களப் பாக்கவே அருவருப்பா இருக்கு."

நர்ஸ் பெட்டியைப் படியில் வைத்துவிட்டு மூச்சு வாங்கினாள். "நானும் அங்க உக்காந்திருக்கேன் அக்கா. மூலைவீட்டுக்குப் புதுசா குடிவந்தாங்களே, அந்தப் பையனோட திக்குவாயை எல்லாரும் பேசிக் காட்டினப்ப நானும் சிரிச்சேன்." பெட்டியின் மூடியை அழுத்திவிட்டாள். "உங்க விஷயம் எனக்கும் தெரியும். மாடிவீட்டம்மா இல்லாத ஒரு நாள் உங்க வீட்டுக்காரர் அத எங்ககிட்ட சொல்லியிருக்காரு. அப்ப நான் எழுந்து போகல. தினமும் ஆஸ்பத்திரில பாக்கறதுதான், இருந்தாலும் எழுந்து போகல. போயிருந்தா அடுத்த நாள் என்னைச் சேத்துக்க மாட்டாங்கன்னு பயம்."

ஸ்கேல் அக்காவுக்கு அந்தப் பெட்டியை அப்படியே போட்டுவிட்டுப் போய்விடலாம் என்றுதான் தோன்றியது. போகவில்லை. குனிந்து தூக்கினாள். வண்டி கிளம்பியதும் பின்னால் பெஞ்சில் பேச்சு மெல்லத் தொடங்கியது.

இதற்கு நடுவில் அலுவலகத்தில் ஒரே கொண்டாட்டம். எங்கெங்கோ ஊர்களிலிருந்து வந்த தெருக்களோடு போட்டி போட்டு அவர்கள் தெருவுக்குப் பரிசு கிடைத்திருந்தது. பார்வையிட ஒரு குழு வந்தது. செயற்பொறியாளர் புதுச் சட்டை போட்டிருந்தார். முன்தினமே ஆட்களைவிட்டுச் சுவரோரத்து எச்சில் கறையைச் சுரண்டியிருந்தார்கள். தெருக்காரர்களும் குளித்து முழுகி வந்து அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள்.

"நாங்கல்லாம் இப்ப ஒரே குடும்பம் மாதிரிங்க" என்றாள் மாடிவீட்டம்மா. சொல்லும்போது அவள் கண் உண்மையாகவே கலங்கியது. அதுதான் ஸ்கேல் அக்காவுக்கு எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது. அவள் பொய் சொல்லவில்லை.

குழுவில் இருந்த ஒரு பெண், கையில் பேனாவோடு, "முன்னாடி இங்க யாருக்கும் யாரையும் தெரியாதுன்னு சொன்னாங்க. இப்ப ஒருத்தரையொருத்தர் தெரியுமா?" என்று கேட்டாள்.

"படம் வரைஞ்சவங்களே சொல்வாங்க" என்று செயற்பொறியாளர் ஸ்கேல் அக்காவை முன்னால் தள்ளினார்.

"நல்லாத் தெரியும்மா" என்றாள் அவள். குரல் ஏறவும் இல்லை, நடுங்கவும் இல்லை. "மாடில குடியிருந்த நர்ஸ் எப்ப வருவாங்க, எந்த வண்டில வருவாங்க, என்ன மாத்திரை வாங்குவாங்க, எல்லாம் தெரியும். தெரிஞ்சதாலதான் அவங்க காலி பண்ணிட்டுப் போனாங்க. எனக்கு ரெண்டு தடவை கரு கலைஞ்சது இவங்க எல்லாருக்கும் தெரியும். எங்க வீட்ல எந்த எடத்துல கலைஞ்சதுன்னும் தெரியும். இதோ, என் வீட்டுக்காரர்தான் சொன்னாரு. முன்னாடி ஒருத்தர் செத்துக் கிடந்தாக்கூட தெரியாது. இப்ப தெரியாததுன்னு எதுவும் பாக்கி இல்ல."

பேனா நின்றது. கணவர் தன் செருப்பு நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மருந்துக்கடைக்காரர் வாயிலிருந்த கடலையை மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார்.

அப்போது செயற்பொறியாளர் கலகலவென்று சிரித்தார். "எங்க அக்கா எப்பவும் இப்படித்தான். மனசுல பட்டத பட்டுனு பேசிடுவாங்க. பாத்தீங்களா, அந்த அளவுக்கு இங்க ஒளிவு மறைவு இல்லாம பழகறாங்க." யாரோ கை தட்டினார்கள். எல்லோரும் தட்டினார்கள். பிறகு எல்லோரையும் நெருங்கி நிற்கச் சொல்லிப் புகைப்படம் எடுத்தார்கள். மாடிவீட்டம்மா ஸ்கேல் அக்காவின் தோளில் கை போட்டாள். அந்தக் கை ஈரமாக, சூடாக இருந்தது. படம் எடுத்து முடிகிறவரைக்கும் அவளால் அதைத் தட்டிவிட முடியவில்லை. வீட்டுக்குப் போய்த் தோளைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினாள்.

அதற்கப்புறம் நடந்ததைத் தண்டனை என்று சொல்ல முடியாது. அந்தப் பெஞ்சின் வழக்கம் அவ்வளவுதான். மென்றுகொண்டிருந்தவர்களுக்குப் புதிதாக ஒரு கவளம் வேண்டியிருந்தது. பெண்டாட்டி சபையில் மானத்தை வாங்கிய புருஷன் கைக்கெட்டுகிற தூரத்தில் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நாளில் அவர் கடையிலிருந்து நேரே வீட்டுக்குள் வரத் தொடங்கினார்.

"நான் போனா பேச்ச மாத்தறாங்க" என்றார் ஒரு சாயங்காலம், யாரிடமோ சொல்வதுபோல. "மழை வருமா வராதாங்கறாங்க."

"அப்ப உங்களப் பத்தித்தான் பேசிக்கிட்டிருந்திருக்காங்க" என்றாள் அவள்.

"தெரியுது."

அவர்மேல் இரக்கம் வருகிறதா என்று அவள் தன்னைத் துழாவிப் பார்த்தாள். வரவில்லை. சாப்பாட்டைப் போட்டுவிட்டுப் பின்னறைக்குப் போனாள். இன்னொரு நாள் அவர் பின்னறை வாசல்வரை வந்து, "அன்னிக்கு நான் அத சொல்லியிருக்கக் கூடாது" என்றார். "ஆமா" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. அவர் போய்விட்டார். அவர்கள் பிரிந்துவிடவில்லை. ஒரே வீட்டில் இருக்கிறார்கள், சமையல் ஒன்றாகத்தான் நடக்கிறது. அவள் அறைக்கு உள்ளேயிருந்து ஒரு தாழ்ப்பாள் மட்டும் போட்டுக்கொண்டாள்.

பரிசு வாங்கிய தெருவைப் போலவே இன்னும் பல தெருக்களைச் செய்ய உத்தரவு வந்தது. படம் வரைய வேண்டியவளும் அவள்தான். பெஞ்சுகளைச் சதுரமாகப் போட வேண்டாம் என்று செயற்பொறியாளரிடம் போய்ச் சொன்னாள்.

"நாலு பக்கமும் அடைச்சு உக்காந்தா அது தெரு இல்ல சார், யார் வீட்டு ரூமோ மாதிரி ஆயிடுது. புதுசா வர்றவங்க உள்ள நுழையவே முடியாது. நுழையாதவங்களப் பத்தித்தான் உள்ள பேசுவாங்க."

"ஜெயிச்ச படத்துல கை வைக்காதீங்க" என்றார் அவர். "மேலிடத்துல அதேதான் கேக்கறாங்க."

"அப்ப வேற யாரையாவது வரையச் சொல்லுங்க."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இன்னும் எத்தனை தெரு இருக்கிறது, இவளை விட்டால் ஆள் ஏது என்று அவர் யோசித்தது முகத்தில் அப்படியே தெரிந்தது. "ஒரு தெருல வேணா உங்க இஷ்டத்துக்கு செஞ்சு பாருங்க" என்றார்.

அந்த ஒரு தெருவில் அவள் பெஞ்சுகளைக் கூட்டமாகப் போடவில்லை. தண்ணீர்க் குழாயருகே ஒன்று, பள்ளி வண்டி வந்து நிற்கிற இடத்தில் ஒன்று, சைக்கிளுக்குக் காற்றடிக்கிற இடத்தில் ஒன்று என்று சிதறவிட்டாள். ஏதாவது வேலையாக வருகிறவர்கள் உட்காரட்டும். வேலை முடிந்தால் எழுந்து போகட்டும். எந்த வீட்டு ஜன்னலுக்கும் பேச்சு எட்டாத தூரமா என்று தானே போய் நின்று, ஆளைவிட்டுப் பேசச் சொல்லிக் கேட்டாள். இதிலும் மனிதர்கள் ஏதாவது ஒரு அசிங்கத்தைக் கண்டுபிடிக்காமலா இருப்பார்கள் என்று கூடவே தோன்றியது. தோன்றினாலும் வரைந்தாள். மூக்கைப் பொத்திக்கொண்டு சாக்கடையில் இறங்குகிற மாதிரி அந்த வேலையைச் செய்தாள்.

நர்ஸிடமிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. நகரத்தின் மறுகோடியில், உயரமான அடுக்குக் கட்டடம் ஒன்றில் அறை கிடைத்திருந்தது.

"நிம்மதியா இருக்கு அக்கா" என்றாள். "இங்க யாருக்கும் என் பேர்கூடத் தெரியாது. லிஃப்ட்ல ஏறினா எல்லாரும் மேல நம்பரையே பாத்துக்கிட்டிருப்பாங்க."

"நல்லதுதான்" என்றாள் ஸ்கேல் அக்கா.

பேச்சு அறுந்தது. வைத்துவிட்டாளோ என்று பார்த்தாள். வைக்கவில்லை.

"இந்த ரூமுக்கு வந்ததுலேர்ந்து டியூட்டி விஷயம் தவிர நான் யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசல" என்றாள் நர்ஸ். "நேத்து சோப்பு வாங்கப் போனேன். என் குரலே எனக்குப் புதுசா இருந்துச்சு. அதான் உங்களுக்குப் பண்ணினேன்."

தன்னைப் பற்றிக் கேட்டுவிட்டு எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தவள் இவள் என்பது ஸ்கேல் அக்காவுக்கு மறக்கவில்லை. ஆனாலும், "எந்த பஸ்ஸு?" என்று கேட்டாள்.

மதியம் போய் இறங்கினாள். கட்டடத்தைச் சுற்றிலும் ஒரு நிழல்கூட இல்லை, கார் நிறுத்துகிற இடம்தான் இருந்தது. நர்ஸின் அறை சின்னது. கட்டில், கெட்டில், ஆணியில் தொங்குகிற வெள்ளை உடை. உள்ளே புழுக்கமாக இருந்ததால் இருவரும் வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்தார்கள். நர்ஸ் டீ கொண்டுவந்தாள். ஆஸ்பத்திரிச் செருப்பு கடிக்கிறது என்றாள். எந்தக் கடையில் அகலச் செருப்பு கிடைக்கும் என்று ஸ்கேல் அக்கா சொன்னாள். பழைய தெருவைப் பற்றி இருவரும் வாயே திறக்கவில்லை. கீழேயிருந்து காய்கறிப் பையோடு ஒருவர் ஏறி வந்தார். இவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். அவர் இருவரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு மேலே போனார். மேல்மாடியில் ஒரு கதவு திறந்து சாத்திக்கொண்டது.